சுவரில் நிலைத்த பயணம்: கல்முனைக் கரையோர இல்லங்களில் புனிதத் தலப் படங்கள்

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்குத் தெற்கே மருதமுனையில் தொடங்கிக் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீண்டு பொத்துவில் வரை செல்லும் முஸ்லிம் ஊர்கள், 1961ஆம் ஆண்டு மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், தமிழ் இந்து, கிறிஸ்தவ ஊர்களோடு மாறி மாறி அமைந்துள்ளன. இவ்வூர்களின் இல்லங்களில் முன் விறாந்தையைக் கடந்து உள்ளே வருவோரின் கண்ணில் முதலில் படும் சுவரில், மக்காவின் கஃபாவும் மதீனாவின் பச்சைக் குப்பா என்னும் குவிமாடமும் கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் இடம்பெறுவது பல தலைமுறைகளாக நிலவிவரும் வழக்கமாகும். அண்டை ஊர்த் தமிழர் இல்லங்களில் அதே இடத்தில் மறைந்த மூத்தோரின் உருவப்படம் மாலையோடு விளங்க, முஸ்லிம் இல்லங்களில் தொலைவிலுள்ள ஒரு தலத்தின் படம் விளங்குகிறது. அத்தலத்துக்குச் சென்று வந்தவரின் முகம் அதில் இல்லை. சென்று வந்த பயணத்தின் படத்தை வீட்டுச் சுவருக்குரியதாக்கும் ஆவல் உலகெங்கும் உண்டெனினும், பயணியை விலக்கித் தலத்தை மட்டும் நிறுத்தும் இம்முறைக்கு ஒரு தனி வரலாறு உண்டு என்பதும், அவ்வரலாற்றின் வேர்கள் ஒளிப்படக் கருவி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவை என்பதும் இதுவரை போதிய கவனம் பெறாத செய்திகளாகும்.

ஹஜ் கடமை நிறைவேறியதற்குச் சான்றாக எழுதி வழங்கப்பட்ட சுருள்கள் இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்கின்றன. தமஸ்கஸ் பெரிய பள்ளிவாசலில் பேணப்பட்டு, இன்று இஸ்தான்புல்லிலுள்ள துருக்கிய, இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரையிலான சான்றிதழ்களில், கஃபாவும் அதைச் சூழ்ந்த வளைவு மண்டபங்களும் வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன. சில, மரக்கட்டையில் செதுக்கி அச்சிடப்பட்டவை. நோயாலோ மரணத்தாலோ பயணம் செய்ய இயலாதவரின் சார்பில் இன்னொருவர் நிறைவேற்றும் ஹஜ், அதாவது பதலி ஹஜ், நடந்தேறியது என்பதற்கும் இத்தகைய சுருள்கள் சான்றாயின. 1433ஆம் ஆண்டு மைமூனா என்னும் பெண்மணி ஹஜ் செய்ததைப் பதிவுசெய்யும், இரண்டு மீற்றருக்கும் மேற்பட்ட நீளமுள்ள சுருளொன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. எழுத்தின் அளவும் படங்களின் பொலிவும், இத்தகைய சுருள்கள் மடித்து வைப்பதற்காக அன்றிப் பலர் பார்க்கும்படி தொங்கவிடுவதற்காகவே ஆக்கப்பட்டிருக்கலாம் என எண்ண இடமளிக்கின்றன. அவற்றில் பயணியின் பெயர் எழுத்தில் இருக்கிறது. படத்தில் இருப்பது தலம் மட்டுமே. ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் கல்முனையின் சுவர்களிலும் இதே பகிர்வைக் காண்கிறோம்: பெயரோடு ஹாஜியார் என்றோ ஹாஜியானி என்றோ சேரும் மதிப்புச் சொல் பயணியைக் குறிக்க, படம் தலத்தைக் குறிக்கிறது.

சுருளிலிருந்து நூலுக்கும் நூலிலிருந்து சுவருக்கும் இவ்வுருவம் பரவியது. 1465ஆம் ஆண்டு மறைந்த மொரோக்கோ நாட்டு சூபி அறிஞர் அல்-ஜஸூலி தொகுத்த ‘தலாயிலுல் கைராத்’ என்னும் ஸலவாத்து நூலின், அதாவது நபி மீதான வாழ்த்துரைத் தொகுப்பின், கையெழுத்துப் பிரதிகளில் மதீனாவின் புனித அடக்கத்தலமும், பிற்காலப் பிரதிகளில் எதிரெதிர்ப் பக்கங்களாக மக்காவும் மதீனாவும் வரையப்பட்டன. 17ஆம் நூற்றாண்டில் துருக்கியின் இஸ்னிக் நகரக் குயவர்கள் கஃபாவின் அமைப்பை ஓடுகளில் தீட்டிச் சூளையில் சுட்டு, பள்ளிவாசல்களினதும் மாளிகைகளினதும் சுவர்களில் பதிக்கக் கொடுத்தனர். இவை தொலைவுக் காட்சியைக் கண்ணுக்குத் தோன்றியவாறு காட்டுவன அல்ல. மேலிருந்து பார்த்த தரைப்படமும் முன்னிருந்து பார்த்த வாயில்களும் ஒன்றாய் இணைந்து, எந்த வாயில் எத்திசையில் உள்ளது, ஸம்ஸம் கிணறு எங்கே, இப்றாகீம் நபி நின்ற இடமாகக் கருதப்படும் மகாமு இப்றாகீம் எங்கே என்பதைச் சென்றிராதவருக்கும் உணர்த்தும் வழிகாட்டிகளாக அவை அமைந்தன. இன்றைய சுவர்ப் படத்திலும் இந்தக் கற்பிக்கும் இயல்பு எஞ்சியுள்ளது. ஹஜ்ஜுக்குச் சென்று வந்தவர் பேரப்பிள்ளைக்குப் படத்தில் விரல் வைத்துத் தவாபு தொடங்கும் ஹஜருல் அஸ்வத் மூலையைக் காட்டுவது, அதாவது கஃபாவை வலம் வருதல் தொடங்கும் கறுப்புக்கல் மூலையைக் காட்டுவது, சான்றிதழ்ச் சுருளின் பணியே.

தொலைவிலுள்ள தலத்தைத் தன் ஊரில் நிலைநிறுத்தும் முயற்சிக்குக் கல்முனையில் படத்தினும் பெரிய சான்று ஒன்று உண்டு. கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளிவாசல், தமிழ்நாட்டின் நாகூரில் அடங்கியிருக்கும் 16ஆம் நூற்றாண்டு இறைநேசர் சாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக எழுந்தது. அவரது உடல் இங்கு இல்லை. எனினும் ஹிஜ்ரி ஆண்டின் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் நாகூரில் கொடியேறுகையில் இங்கும் கொடியேறுகிறது, மௌலித் என்னும் புகழ்ப்பா ஓதுதலும் கந்தூரி என்னும் அன்னதானமும் நடைபெறுகின்றன. இவ்வாறே சிங்கப்பூரிலும் பினாங்கிலும் தமிழ் முஸ்லிம் வணிகர்களும் கடலோடிகளும் நாகூரின் நினைவிடங்களை 19ஆம் நூற்றாண்டில் எழுப்பினர். கடல் கடந்து செல்ல இயலாத ஏழைக்கும் மூதாட்டிக்கும் நாகூரைக் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்திய இந்தக் கட்டடம், பயணத்தை ஓர் உருவமாக்கி ஊரில் வைத்தல் என்னும் எண்ணம் இக்கரைக்குப் புதிதன்று என்பதைக் காட்டுகிறது. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப்சிங் எழுப்பிய 131 அடி உயர மினாராவைக் கொண்ட நாகூர் தர்காவின் அச்சுப் படங்கள், அங்கு சென்று வந்தோரின் கைகளில் இக்கரைக்கு வந்து, ஒரு காலத்தில் மக்கா, மதீனாப் படங்களோடு ஒரே சுவரில் இருந்தன.

ஒளிப்படக் கருவி 1839ஆம் ஆண்டு ஐரோப்பாவில் அறிமுகமாகியபின் சில ஆண்டுகளுக்குள் இலங்கைக்கு வந்துவிட்டது. ஆயினும் ஸ்கீன் கம்பனியும், 1890ஆம் ஆண்டு தொடங்கிய பிளாட்டே நிறுவனமும் தேயிலைத் தோட்டங்களையும் கண்டியையும் கொழும்புத் துறைமுகத்தையும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்கும் படங்களாக்குவதிலேயே பெரிதும் ஈடுபட்டன. கிழக்குக் கரையின் முஸ்லிம் இல்லத்துக்கு அப்படங்களில் வேண்டியது எதுவும் இருக்கவில்லை. அவ்வில்லம் நாடிய படம் வேறு வழியில் உருவாயிற்று. எகிப்தியப் படையின் பொறியியல் அதிகாரி முஹம்மது ஸாதிக் பே, 1861ஆம் ஆண்டு மதீனாவை முதன்முதலாக ஒளிப்படமாக்கினார். எகிப்திய ஹஜ் பயணக் குழுவின் பொருளாளராகச் சென்ற 1880ஆம் ஆண்டில், இரசாயனம் பூசிய கண்ணாடித் தகடுகளை ஈரம் உலருமுன் பயன்படுத்தும் கடினமான முறையில் மக்காவின் ஹறம் என்னும் புனிதப் பள்ளிவாசல் எல்லையைப் படம்பிடித்தார். அப்படங்களுக்காக 1881ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் நடந்த புவியியல் கண்காட்சியில் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1885ஆம் ஆண்டு மக்காவில் தங்கியிருந்த ஒல்லாந்த அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோன்யே, தாம் வெளியேற்றப்பட்ட பின்னர், தம்மிடம் ஒளிப்படக்கலை பயின்ற மக்கா நகர மருத்துவர் ஸையித் அப்துல் கப்பார் எடுத்து அனுப்பிய படங்களையும் பயன்படுத்தி 1888, 1889ஆம் ஆண்டுகளில் தொகுப்புகளை வெளியிட்டார். கஃபாவைச் சூழ்ந்து நிற்கும் தொழுகையாளரின் வரிசைகளை உலகம் காணச் செய்ததில் அம்மருத்துவருக்குரிய பங்கு, தொகுப்புகளின் முகப்பில் அவர் பெயர் இடம்பெறாமையால், நெடுங்காலம் மறைந்தே கிடந்தது.

தெற்காசிய இல்லங்களைப் பொறுத்தவரை இவற்றினும் முக்கியமானது டெல்லியின் சாந்தினி சௌக்கில் இயங்கிய எச்.ஏ. மிர்ஸா அன்ட் சன்ஸ் என்னும் ஒளிப்பட நிலையமாகும். 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் மக்கா, மதீனா, மினா, அரபா ஆகிய இடங்களைப் படம்பிடித்து, அவற்றைத் தொகுப்பாகவும் அஞ்சலட்டையாகவும் விற்ற இந்நிலையத்தாரின் பணியோடு, ஹஜ் படம் அறிஞரின் நூலிலிருந்து சாதாரண மனிதனின் கைக்கு வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், 1890களில் பம்பாயில் ஓவியர் ரவிவர்மா தொடங்கிய அச்சகம் போன்றவை கல்லச்சு முறையில் வண்ணப் படங்களை மலிவாக அச்சிட வழி திறந்திருந்தன. இந்துத் தெய்வங்களின் படங்களை வெளியிட்ட அச்சகங்கள் பல, கஃபாவையும் மதீனாவையும் குர்ஆன் வசனங்களோடு சேர்த்து அச்சிட்டு முஸ்லிம்களுக்கும் விற்றன. பின்னர் சிவகாசியின் நாட்காட்டித் தொழில் இதைப் பல மடங்காகப் பெருக்கியது. ஆகவே, கல்முனைக் கரையோரத்துச் சுவருக்கு வந்த ஹஜ் படம் மக்காவில் வாங்கப்பட்டதாகவும் இருக்கலாம், கடல் வழியில் பம்பாயில் வாங்கப்பட்டதாகவும் இருக்கலாம், கடைக்காரர் கொடுத்த கலண்டரிலிருந்து வெட்டியெடுத்ததாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே மதிப்போடு கண்ணாடி போடப்பட்டது.

பயணி தானே எடுத்த படம் ஏன் சுவருக்கு வரவில்லை என்ற வினாவுக்கு, வசதியின்மை ஒரு விடை மட்டுமே. ஹறமுக்குள் படம்பிடித்தல் நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தது; வாயிற் காவலர் பையைச் சோதித்துக் கமராவை எடுத்துக்கொள்வது 20ஆம் நூற்றாண்டின் இறுதி வரையில் ஹஜ்ஜாளிகள் அறிந்த நடைமுறையாகும். இதனால் பயணத்தின் படம் என்பது இயல்பாகவே விலைகொடுத்து வாங்கும் படமாயிற்று. இன்னொரு காரணம் மார்க்கச் சட்டம் பற்றியது. உயிருள்ளவற்றின் உருவத்தை ஆக்குதலும் அதைச் சுவரில் உயர்த்தி வைத்தலும் கூடாது என்னும் கருத்து ஷாபிஈ மத்ஹபில், அதாவது இக்கரை முஸ்லிம்கள் பெரும்பான்மையாகப் பின்பற்றும் சட்ட மரபில், உறுதியாக உண்டு; கட்டடம், மலை, மரம் ஆகியவற்றின் படங்களுக்கு அத்தடை இல்லை. ஒளிப்படம் மனிதன் வரைவதன்று, ஒளி பதிப்பதே என்று வாதிட்டு அதை அனுமதித்த எகிப்திய முப்தி முஹம்மது பகீத் அல்-முதீஈ போன்றோரின் தீர்ப்புகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெளிவந்தன. கடவுச்சீட்டும், இலங்கையில் 1972ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தேசிய அடையாள அட்டையும் ஒவ்வொருவரையும் ஸ்டூடியோவில் அமரச் செய்தன. அதன் பின்னும் முகப்படம் அல்பத்துக்குள்ளும் அலுமாரிக்குள்ளும் தங்கியதேயன்றிச் சுவரேறத் தயங்கியது. அந்தத் தயக்கம் கல்வியறிவின்மையால் வந்ததன்று. எதைச் சுவரில் வைப்பது, எதை மடியில் வைத்துப் பார்ப்பது என்று தெளிவாகப் பிரித்தறிந்த ஒரு சமூகத்தின் தேர்வு அது.

எகிப்தின் தென்பகுதிக் கிராமங்களோடு ஒப்பிட்டால் இத்தேர்வு மேலும் விளங்கும். அங்கு ஹஜ்ஜுக்குச் சென்றவர் திரும்புவதற்குள், உள்ளூர் ஓவியர் அவரது வீட்டின் வெளிச்சுவரில் கப்பல், விமானம், ஒட்டகம், கஃபா ஆகியவற்றைப் பெரிய அளவில் தீட்டுவர்; பல ஓவியங்களில் தொழும் நிலையில் ஹாஜியும் இடம்பெறுவார். தெருவில் போவோருக்கு அறிவிக்கும் அந்த ஓவியத்துக்கு மாறாக, கல்முனையின் படம் வீட்டுக்குள் வந்தவருக்கு மட்டும் உரியது.

வீட்டுக்குள் என்று சொல்கையில், அவ்வீடு எவருடையது என்பதையும் நோக்க வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்துத் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் திருமணத்தின்போது மகளுக்கு வீடு கொடுப்பதும், மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வதும் நிலைபெற்ற வழக்கங்களாகும். தாய்வழியே தொடரும் ‘குடி’ என்னும் குலப் பிரிவுகளும் இங்கு உண்டு. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதை விரிவாக விளக்கியுள்ளார். மூத்த மகளின் திருமணத்தோடு பெற்றோர் தம் வீட்டை அவளுக்கு விட்டு, இளையவர்களோடு வேறு வீட்டுக்கு நகர்வதும் இம்முறையில் இயல்பே. இதன் விளைவு சுவர்ப் படத்துக்கும் உரியதாகிறது. தந்தை மக்காவிலிருந்து கொண்டுவந்த படம் அவர் பெயரைத் தாங்கும் மகனின் இல்லத்துக்குச் செல்லாமல், ஆணி அடித்த சுவரோடு மகளிடம் தங்குகிறது. அவள் மகளுக்கும் அதே சுவர் செல்லக்கூடும். ஹாஜியார் என்ற மதிப்பு ஆணின் பெயரோடு ஊரில் நடமாட, அம்மதிப்பின் உருவம் பெண்வழியில் வீட்டில் தங்கியது. கண்ணாடியைத் துடைத்து, நோன்புப் பெருநாளுக்குச் சுண்ணாம்பு பூசும்போது கழற்றி வைத்து மீண்டும் மாட்டி, அப்படத்தைப் பேணியவர்களும் பெண்களே. இந்த உரிமைமுறையைக் கணக்கில் கொள்ளாமல் இப்படங்களின் வரலாற்றை எழுதுவோர், அதன் பாதியைத்தான் எழுதியவராவர்.

இத்தகைய பழைய படங்கள் தம் காலத்தைத் தாமே சொல்லக்கூடியவை. மதீனாப் படத்தில் குப்பா பச்சையாக இருப்பது 1837ஆம் ஆண்டுக்குப் பிந்திய நிலை. ஜன்னத்துல் பகீ அடக்கத்தலத்தில் சிறு குப்பாக்கள் தெரிந்தால், மக்காவும் மதீனாவும் அடங்கிய ஹிஜாஸ் சவூதி ஆட்சிக்குள் வந்து 1920களின் நடுப்பகுதியில் அவை தகர்க்கப்படுவதற்கு முந்திய காட்சியை அப்படம் தாங்கியுள்ளது. கஃபாவைச் சுற்றியுள்ள மதாபில், அதாவது வலம்வரும் தளத்தில், நான்கு மத்ஹபுகளின் இமாம்கள் நின்று தொழுவித்த சிறு மண்டபங்கள் இருந்தால், 1950களில் தொடங்கிய விரிவாக்கத்துக்கு முந்திய மக்கா அது. மகாமு இப்றாகீம் கூரையுள்ள சிறு கட்டடத்துக்குள் இருப்பது 1967ஆம் ஆண்டுக்கு முன். கண்ணாடிக் கூட்டுக்குள் இருப்பது அதன் பின். 2012ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற, 601 மீற்றர் உயரமுள்ள மணிக்கூட்டுக் கோபுரம் பின்னணியில் நின்றால் அது நம் காலத்துப் படம். கட்டடங்கள் மாறிய பின்னும் அச்சுப் படம் பல்லாண்டு பழைய காட்சியோடு விற்கப்படுவதுண்டு என்பதால் இக்குறிகள் படம் வாங்கப்பட்ட ஆண்டைத் தருவதில்லை. ஆயினும் அதன் மூலக்காட்சியின் எல்லையை உறுதியாகத் தருகின்றன. இன்று மக்காவிலேயே இல்லாத கட்டடங்கள் சில சாய்ந்தமருது, நிந்தவூர் போன்ற ஊர்களின் சுவர்களில் எஞ்சியிருக்கக்கூடும் என்பது எண்ணுந்தோறும் நெஞ்சைத் தொடும் செய்தியாகும்.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றமும், 1977ஆம் ஆண்டு இலங்கை தன் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டமையும் சேர்ந்து, இக்கரையிலிருந்து ஆண்களையும் சில ஆண்டுகளில் பெண்களையும் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்கு அழைத்துச் சென்றன. அதுவரை செல்வரும் முதியோரும் வாழ்நாளில் ஒருமுறை செய்த பயணத்தை, ஜித்தாவிலும் ரியாதிலும் உழைத்த இளைஞரும் வீட்டுப் பணிப்பெண்ணும் செய்யக்கூடியவராயினர். கஃபா நெய்யப்பட்ட வெல்வெட் விரிப்பு, பாங்கொலிக்கும் மணிக்கூடு, கறுப்புத் துணியில் பொன்னிற நூலால் ஆயத்துல் குர்ஸி என்னும் குர்ஆன் வசனத்தைப் பின்னிய சட்டம் ஆகியவை பயணப் பெட்டிகளில் வந்து சேர்ந்தன. கறுப்பும் பொன்னும் கஃபாவின் போர்வையான கிஸ்வாவின் நிறங்கள். ஆண்டுதோறும் மாற்றப்படும் அப்போர்வையின் ஒரு துண்டைப் பெறும் பேறு எல்லோருக்கும் வாய்ப்பதில்லையாதலால், அதன் சாயல் மட்டுமாவது சுவருக்கு வந்தது. மருதமுனை போன்ற கைத்தறி ஊரில், நெசவின் நுணுக்கம் அறிந்த கண்கள் அந்தப் பின்னல்களை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதே காலத்தில் வலுப்பெற்ற தவ்ஹீத் என்னும் ஓரிறைக் கொள்கைச் சிந்தனை, அடக்கத்தலங்களைப் போற்றுவதை மறுத்தமையால், பல இல்லங்களில் நாகூர் தர்காவின் படம் கீழிறங்கியது. கஃபா தங்கியது, வசனங்கள் பெருகின. படம் இருக்கும் இடத்தைப் பொறுத்தவரை, தொழுபவரின் முன்னே கவனத்தைக் கலைக்கும் அலங்காரம் இருத்தல் விரும்பத்தக்கதன்று என்பது சட்ட நூல்களின் கருத்து. கோலமிட்ட மேலாடையொன்று தொழுகையில் தம் கவனத்தை ஈர்த்ததால் நபிகள் நாயகம் (ஸல்) அதைத் திருப்பிக் கொடுத்த செய்தி ஹதீஸில் உண்டு. கிழக்குக் கரையில் கிப்லா, அதாவது தொழுகையில் நோக்கும் மக்காவின் திசை, கடலுக்கு எதிர்த்திசையில், மேற்கும் சற்று வடக்குமாக அமைவதால், படத்துக்குரிய சுவரைத் தேர்வதில் இந்தத் திசையும் ஒரு கணக்காகச் சேர்ந்துகொண்டது.

கடலருகே வாழ்வது படத்துக்குப் பகை. உப்புக் காற்று ஆணியைத் துருவாக்கும். ஈரம் கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில் பூஞ்சணத்தை வளர்க்கும். பின்பலகையைக் கறையான் அரிக்கும். வெயில் படும் சுவரிலுள்ள அச்சுப் படத்தில் மஞ்சளும் செம்மையும் முதலில் வெளிறி நீலம் எஞ்சும். 1970களிலும் 1980களிலும் கழுவிய வண்ண ஒளிப்படமோ அல்பத்தின் இருளில் கிடந்தாலும் நீலப்பச்சைச் சாயத்தை இழந்து சிவந்து போகும். ஆகவே நீலம் பாரித்த கஃபா கடையில் வாங்கியது, சிவந்த கஃபா கமராவில் எடுத்தது என்று ஓரளவுக்கு வேறுபடுத்திச் சொல்ல முடியும். இந்த மெல்லிய அழிவுகளை எல்லாம் மிஞ்சியவை 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதச் சூறாவளியும் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையும் ஆகும். இலங்கையில் ஆழிப்பேரலையால் மிகுதியான உயிர்களை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை, இழந்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களில் கடலை அண்டிய வீடுகள் வரிசை வரிசையாகச் சுவரோடு போயின. உயிர்களின் இழப்பின் முன் படங்களின் இழப்பைப் பேசுவது சிறுமையாகத் தோன்றலாம். ஆனால் பாட்டனாரின் ஹஜ்ஜுக்கு வீட்டிலிருந்த ஒரே சான்று அச்சுவரில் இருந்தது என்பதும், மறைந்த குழந்தையின் ஒரே முகம் அலுமாரி அல்பத்தில் இருந்தது என்பதும் அங்கு மீண்டவர்களுக்குச் சிறியனவல்ல.

இன்று படத்தின் வழி முற்றிலும் மாறியுள்ளது. கமராவுள்ள கைத்தொலைபேசிகள் ஹறமுக்குள் நுழைந்த பின்னர், தடைகள் மீண்டும் மீண்டும் அறிவிக்கப்பட்டாலும், உம்றா என்னும் சிறு யாத்திரைக்குச் செல்லும் குடும்பம் கஃபாவின் முன் நின்று எடுத்த படத்தை அன்றே ஊருக்கு அனுப்புகிறது. அதைப் பெரிதாக்கிக் கன்வஸ் துணியிலோ பிளெக்ஸ் தாளிலோ அச்சிடும் வசதி நகரத்துக் கடைகளில் உண்டு. பயணியின் முகம் முதன்முறையாகச் சுவரை நெருங்கியுள்ளது. முகம் தெரியாதபடி பின்புறமிருந்து எடுத்த படத்தை மட்டும் சட்டமிடுவோரும், தலத்தை மட்டும் அச்சிட்டுத் தம்மைத் தொலைபேசியிலேயே வைத்துக்கொள்வோரும் இருப்பது, பழைய பகிர்வு இன்னும் முற்றாக மறையவில்லை என்பதற்குச் சான்றாகும்.

புதிய படங்களுக்கு இடம் விட்டுப் பழையவை கழற்றப்படும் இக்காலமே அவற்றைப் பதிவுசெய்வதற்குரிய காலமுமாகும். 1990களின் நடுப்பகுதியில் தொடங்கப்பட்டு இன்று ஒலுவிலில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் தத்தம் ஊர்களில் வீடுவீடாகச் சென்று செய்யக்கூடிய பணி இது. சட்டத்தைக் கழற்றித் தாளின் ஓரத்து அச்சக முகவரியையும் பின்பலகையில் ஒட்டியுள்ள கடைச்சீட்டையும் படியெடுத்தல், மதாபிலும் பகீயிலும் தெரியும் கட்டடங்களைக் கொண்டு மூலக்காட்சியின் காலத்தைக் குறித்தல், கொண்டுவந்தவர் எந்த வழியில், எந்த ஆண்டில் சென்றார் என்று கேட்டெழுதுதல் ஆகியவை அதன் பகுதிகள். அவற்றோடு, அந்தச் சுவர் எந்தத் தாயிடமிருந்து எந்த மகளுக்கு வந்தது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லக்கூடிய மூதாட்டிகள் இன்னும் அவ்வீடுகளில் இருக்கிறார்கள்.